வீட்டில் 7.2 கிலோவாட் கார் சார்ஜர்: மாட்டி இரண்டு கோடை கழிந்த பின்

மின்சாரக் காரை வீட்டில் சார்ஜ் செய்யச் சுவரில் மாட்டும் அந்தப் பெட்டிக்குள் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ரிலே (தானாக இயங்கும் ஸ்விட்ச்), மின்கசிவைப் பார்க்கும் சுற்று, எத்தனை ஆம்பியர் இழுக்கலாம் என்று காருக்குச் சொல்லும் ஒரு போர்டு, அவ்வளவுதான். ஏசி மின்சாரத்தை டிசியாக்கி பேட்டரியில் ஏற்றுவது காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். அது 3.3 கிலோவாட் என்றால் சுவரில் 7.2 மாட்டினாலும் 3.3தான் ஏறும். காசு கொடுக்குமுன் காரின் கையேட்டில் இதைப் பார்த்துவிடுங்கள்.

7.2 கிலோவாட் என்றால் ஒரே பேஸில் சுமார் 32 ஆம்பியர். கெய்சர் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். இது ஐந்தாறு மணி நேரம் விடாமல் இழுக்கும். மூன்று பேஸ் இணைப்பு இல்லாத வீட்டில் இதற்கு ஆசைப்பட வேண்டாம். மூன்று பேஸ் இருந்தாலும் இபி ஆபீஸில் சாங்ஷன் லோடை (வீட்டுக்கு அனுமதித்திருக்கும் மின் அளவை)க் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். இடம் குறிப்பது, பைப் ஓட்டுவது, பெட்டியைச் சுவரில் பூட்டுவது வரை வீட்டுக்காரரே செய்யலாம். டிபி பாக்ஸில் (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) கை வைப்பது உரிமம் உள்ள வயர்மேன் வேலை.

அவரிடம் கறாராகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. நம் வீடுகளில் பேஸ் மாற்றும் ரோட்டரி ஸ்விட்ச் இருக்கும். சார்ஜர் லைன் அதன் வழியாகப் போகக் கூடாது, காண்டாக்ட் கருகிவிடும். மீட்டருக்கு அடுத்த மெயினிலிருந்து தனி லைன், ஏசி மெஷின் ஓடாத பேஸில். 40 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் விழும் ஸ்விட்ச்). கடையில் கேட்டால் ‘ஏசி டைப்’ ஆர்சிசிபியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கார் பக்கத்திலிருந்து டிசி கசிந்தால் அது மரத்துப்போய் விழாமலே இருந்துவிடலாம். சார்ஜருக்குள் 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவுப் பாதுகாப்பு இருந்தால் ‘ஏ டைப்’ போதும். இல்லாவிட்டால் விலை கூடிய ‘பி டைப்’தான். சார்ஜிங் தொடங்கியதுமே ஆர்சிசிபி விழுந்தால் சார்ஜரைக் குறை சொல்லுமுன் நியூட்ரலைப் பாருங்கள். ஆர்சிசிபியிலிருந்து வர வேண்டிய நியூட்ரலை வீட்டுப் பொது நியூட்ரலோடு சேர்த்து முறுக்கியிருப்பார்கள்.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 25 மீட்டர் தூரத்துக்கு 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் போட்டால் 32 ஆம்பியரில் ஏறக்குறைய 6 வோல்ட் குறையும். 180 வாட்டுக்கு மேல் பைப்புக்குள்ளேயே சூடாகப் போகும். 10 ஸ்கொயரில் இது மூன்றரை வோல்ட், 110 வாட் சொச்சம். மேற்கு வெயில் அடிக்கும் சுவரென்றால் தூரம் குறைவாக இருந்தாலும் 10 ஸ்கொயரே நல்லது.

இத்தனையும் சரியாக இருந்தும் ஓராண்டில் கெட்டுப்போவது ஒன்று உண்டு: எம்சிபியின் முனை. பலபுரி வயரை லக்கு (வயர் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) அடிக்காமல் அப்படியே முறுக்கிச் செருகித் திருகியிருப்பார்கள். இரவெல்லாம் சூடு, பகலெல்லாம் குளிர்ச்சி என்று மாறி மாறி வர, புரிகள் நசுங்கித் திருகு தளர்கிறது. அந்த இடத்தில் வெறும் 0.02 ஓம் தடை வந்தாலே 32 ஆம்பியரில் 20 வாட் சூடு. ரேடியோ மெக்கானிக் வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். ஏறக்குறைய அதை எம்சிபிக்குள் செருகி ஆறு மணி நேரம் விட்டதுபோல. முதலில் வயரின் உறை முனையில் பழுப்பேறும், பிறகு மீன் நாற்றம் போல ஒரு வாடை, அப்புறம் காரணமே இல்லாமல் எம்சிபி விழ ஆரம்பிக்கும். ‘40 போதவில்லை, 63 போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காப்பர் லக்கு அடித்து, எம்சிபியில் குறிப்பிட்ட முறுக்கு அளவுக்கு இறுக்கி, ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்துவிட்டு மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். பிறகு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

இதைவிட எளிய வழியும் இருக்கிறது. சார்ஜரின் செட்டிங்கில் 32க்குப் பதில் 24 ஆம்பியர் வைத்துவிடுங்கள். சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறுவதால் முனைச் சூடு பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும். இரவு 10 முதல் காலை 6 வரை 24 ஆம்பியரில் 44 யூனிட் எடுக்கலாம். 30 யூனிட் பேட்டரிக்கு அது தாராளம். 32 எப்போதாவது அவசரத்துக்கு.

கோடையில் வேறு இரண்டு தொல்லைகள். எம்சிபியின் அளவு 30 டிகிரி வெப்பத்தை வைத்துச் சொல்லப்படுவது. வெயிலில் காயும் இரும்புப் பெட்டிக்குள் அது சீக்கிரமே விழும், ஆகவே பெட்டி நிழலில் இருக்கட்டும். மே மாதம் ‘எர்த் ஃபால்ட்’ என்று சார்ஜர் மறுத்தால் எர்த் குழி காய்ந்திருக்கும். லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சந்தேகப்படலாம். ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் அன்றைக்குச் சரியாகும். அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் சார்ஜருக்கென்று இரண்டாவது குழி போட்டு, பழையதோடு இணைத்துவிடுவதே வழி.

மழைக்காலத்தில் பெரிதாக ஒன்றும் ஆகாது, கேபிள் பெட்டியின் அடிப்பக்கமாக, கிளாண்டு (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் மூடி) வழியாக நுழைந்திருந்தால். பயன்படாத துளைகளை அடைத்துவிடுங்கள். ரிலேவின் சூட்டுக்குப் பல்லி வந்து தங்கிவிடும்.