மர ஸ்டீயரிங் வீலைப் புதுப்பிக்கக் கொடுக்கிறீர்களா? என் 420 பவுண்டு எப்படிப் போனது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இது. கடையின் பெயரைப் போடவில்லை. தபாலில் வீலை வாங்கி, வேலை செய்து, தபாலிலேயே திருப்பி அனுப்பும் ஒரு மரவேலைப் பட்டறை, இணையத்தில் விளம்பரம் செய்கிறது. அவ்வளவு போதும்.

கொடுத்த பொருள் 1960களின் மோட்டோ-லிட்டா வீல். 15 அங்குலம், மூன்று ஸ்போக், எம்ஜிபி காரில் இருந்தது. இந்த வகை வீலில் நடுச்சட்டமும் ஸ்போக்கும் வெளிவளையமும் ஒரே அலுமினியத் தகடு. அந்த வளையத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் மரத்தை ஒட்டி, ரிவெட் அடித்து, கைக்கு உருண்டையாக இழைத்திருப்பார்கள். வளைவில் நாம் இழுக்கிற இழுப்பு முழுவதையும் தாங்குவது அந்தப் பசையும் ரிவெட்டும்தான். அதனால் இதை வெறும் அழகு வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் வீலில் மேல்பாதி வார்னிஷ் உரிந்திருந்தது. இரண்டு இடத்தில் மரத்துக்கும் அலுமினியத்துக்கும் நடுவே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. வயசான வீலுக்கு வழக்கமாக வருவதுதான். வெயிலில் வார்னிஷ் வெடிக்கும், வெடிப்பு வழியே ஈரமும் கை வியர்வையும் உள்ளே போகும். ஈரத்துக்கு மரம் உப்பும், சூட்டுக்கு அலுமினியம் நீளும். இரண்டும் ஒரே மாதிரி அசையாததால் பழைய பசை விட்டுவிடும்.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களையும் அங்கேதான் பிடிப்பார்கள். போனில் பேசியவர் எல்லாமே சரியாகச் சொன்னார். ஐந்து நிமிட எபாக்ஸி (பிசினும் ஹார்டனரும் கலந்து இறுக வைக்கும் பசை) தொடவே மாட்டோம், மெதுவாக இறுகும் எபாக்ஸிதான் என்றார். அலுமினியத்தை உரசிய கையோடு ஒட்ட வேண்டும், விட்டால் ஆக்சைடு படிந்து பசை பிடிக்காது என்று அவராகவே சொன்னார். எட்டு கோட் வார்னிஷ், கோட்டுக்குக் கோட் ஒரு நாள் இடைவெளி என்றார். வளையம் முழுக்கச் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி இறுக்கி வைத்திருந்த ஒரு வீலின் படத்தையும் அனுப்பினார். வேலை தெரிந்தவன்தான் அப்படிக் கட்டுவான். 200 பவுண்டு முன்பணம், 220 முடிந்த பிறகு, வங்கி மாற்றம் மட்டும். மொத்தம் 420 பவுண்டு. அந்தப் படம் வேறொருவருடைய பழைய படம் என்பது பின்னால் தேடியபோதுதான் தெரிந்தது.

வீல் பளபளவென்று வந்தது. முதல் நல்ல வெயிலுக்கே அதே இரண்டு இடத்திலும் முடி அளவு கோடு விட்டது. கோட்டின் ஓரத்தில் வார்னிஷ் சில்லு பெயர்ந்த இடத்தில் தெரிந்தது மரம் இல்லை, இளஞ்சிவப்புப் பட்டி. கார் பாடியில் டொக்கு விழுந்தால் அடைக்கிற அதே பாலியெஸ்டர் பட்டி! அதன் மேல் பழுப்புச் சாயம் பூசி, மெல்லிய பிரஷ்ஷால் மர ரேகை வரைந்திருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: உண்மையான ரேகை மரத்துண்டுகள் சேரும் மூட்டில் நின்று, அடுத்த துண்டில் வேறு திசையில் தொடங்கும். இதில் ரேகை மூட்டைத் தாண்டி ஒரே ஓட்டமாக ஓடுகிறது.

இன்னும் இருக்கிறது. ஸ்போக்கின் பரப்பு கண்ணாடி மாதிரி மின்னுகிறது, ஆனால் மெருகேற்றும் பஃப் சக்கரம் எட்டாத துளை ஓரங்களும் மூலைகளும் சாம்பல் நிறமாகச் செத்துக் கிடக்கின்றன. காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கியிருக்கிறார்கள். காஸ்டிக் வார்னிஷை மட்டும் தின்னாது, அலுமினியத்தையும் அரிக்கும், மகோகனியைக் கறுக்க வைக்கும், மூட்டுக்குள் புகுந்தால் மிச்சமிருந்த பசையையும் கெடுக்கும். மிஷினில் தேய்த்ததில் ரிவெட் தலைகள் தாளாக மெலிந்துவிட்டன. ஒன்று நகத்தோடு வந்துவிட்டது. கீழே தண்டே இல்லை, வெறும் தலையை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். 420 பவுண்டுக்கு ஒட்டிய ரிவெட்!

செய்திருக்க வேண்டியது இதுதான். ஜெல் வகைப் பெயின்ட் ரிமூவரைப் பிரஷ்ஷால் தடவி, சுரண்டியால் வார்னிஷை எடுக்க வேண்டும். இடைவெளிக்குள் இருக்கும் பழைய பசையை மெல்லிய ரம்பத் தகட்டால் சுரண்டி வெளியே கொண்டுவர வேண்டும், இதுதான் நேரம் தின்னும் வேலை, இதைத்தான் ஏமாற்றுகிறவர்கள் முதலில் விட்டுவிடுவார்கள். அசிட்டோனால் துடைத்து, 120 நம்பர் உப்புத்தாளால் அலுமினியத்தை உரசி, உடனே எபாக்ஸி. நான் பார்த்தவரை வெஸ்ட் சிஸ்டம் கம்பெனியின் 105 எபாக்ஸிப் பிசினுக்கு அவர்களுடைய 206 ஹார்டனர் சரியாக வரும், கொள்ளளவில் பிசின் ஐந்துக்கு ஹார்டனர் ஒன்று. டியூப் சுற்றி இறுக்கும்போது அளவுக்கு மீறி இறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கி மூட்டு வறண்டுவிடும். பள்ளம் இருந்தால் அதே மரத்தின் தூளை எபாக்ஸியில் குழைத்து அடைக்க வேண்டும். எபாக்ஸி படிந்த இடம் சாயம் குடிக்காது, அதனால் வழிந்ததைச் சுத்தமாக எடுத்துவிட்டுத்தான் சாயம். பிறகு கையாலேயே 180, 240, 320 நம்பர் உப்புத்தாள் வரிசையாக. முதல் வார்னிஷ் கோட்டைப் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து மரத்துக்குள் இறங்கவிட்டு, அதன் மேல் புற ஊதாத் தடுப்பு உள்ள படகு வார்னிஷ். பாலிஷில் இருக்கும் சிலிக்கான் ஒரு துளி பட்டாலும் வார்னிஷ் மீன் கண் மாதிரி விலகி நிற்கும், ஆகவே ஸ்போக் பாலிஷை முதலில் முடித்துத் துடைத்துவிட வேண்டும்.

புகார் சொன்னதும் வந்த பதில்களைக் கேளுங்கள். முதலில், "மரம் இயற்கைப் பொருள், அசையத்தான் செய்யும்." பட்டியின் படத்தை அனுப்பினேன். "அது எபாக்ஸிதான், படத்தில் நிறம் மாறித் தெரிகிறது." பிறகு, "காரை வெயிலில் விட்டது உங்கள் பொறுப்பு." ஸ்டீயரிங் வீலை வெயில் படாமல் வேறு எங்கே வைப்பதாம்? அப்புறம், திருப்பி அனுப்புங்கள், பார்க்கிறோம், தபால் செலவும் ஆய்வுக் கட்டணமும் உங்களுடையது. அனுப்ப மறுத்தேன், இருக்கிற ஒரே சாட்சி அந்த வீல்தான். அதோடு பதில் நின்றது. 420 பவுண்டும் அங்கேயே நிற்கிறது.

2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மறுபடி செய்து தரவோ, விலையைக் குறைக்கவோ கேட்கலாம். வழக்குக்கு முந்தைய கடிதம் போய்விட்டது, அடுத்தது சிறு கோரிக்கை நீதிமன்றம்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரமாகச் சில. விலை 100 பவுண்டுக்கு மேலே போனால், முன்பணத்தையாவது நேரடியாகக் கிரெடிட் கார்டில் கொடுங்கள். அப்போது 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனமும் பொறுப்பு. வார்னிஷ் எடுத்த பிறகு, பசை போடுவதற்கு முன், உங்கள் வீலின் படம் வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு ரிவெட்டையும் படம் எடுங்கள். காஸ்டிக் தொட்டி கூடாது, பாலியெஸ்டர் பட்டி கூடாது என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். திரும்பி வந்ததும் நேராகக் காரில் மாட்டாதீர்கள்: வளையத்தை இரு கையாலும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள், எங்காவது டக்கென்று சத்தம் வந்தால் அந்த வீலோடு ரோட்டுக்குப் போகாதீர்கள்.