அவான் கார்ட் கோதிக் போல்ட்: இரண்டு சொல்லுக்கு ராஜா

1968இல் நியூயார்க்கில் வெளிவந்த 'அவான் கார்ட்' இதழின் பெயருக்காக வடிவமைப்பாளர் ஹெர்ப் லுபாலின் வரைந்த எழுத்துகள்தான் இந்த எழுத்துருவுக்கு மூலம். ஏ, வி இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சாய, 'என்', 'டி' இரண்டும் ஒரே கோட்டைப் பகிர்ந்துகொள்ளும். லுபாலினும் டாம் கார்னேஸும் அதை முழு எழுத்துருவாக வளர்க்க, 1970இல் ஐடிசி என்ற எழுத்துரு நிறுவனம் வெளியிட்டது. ஆக, இது லோகோவாகப் பிறந்தது. பத்தி எழுதப் பிறந்ததல்ல.

இதன் தடித்த வடிவமான போல்டின் பலம் தலைப்பில்தான். 60 பாயின்டுக்கு மேல் வைத்து டிராக்கிங்கை (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியை) -20 முதல் -40 வரை குறைத்தால் வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்கும். அந்த நெருக்கமே இதன் அழகு. முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தால் கீழிறங்கும் வால்கள் அநேகமாக இல்லை. அதனால் வரி இடைவெளியை எழுத்தளவில் 85 சதவீதம் வரை இறுக்கலாம்.

14 பாயின்டுக்குக் கீழே போனால் கதை வேறு. சிறிய ஏ, ஓ, சி, இ எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வட்டம். இறுக்கி வைத்தால் ஆர்-என் ஜோடி எம் ஆகத் தெரியும், சி-எல் ஜோடி டி ஆகிவிடும். பெரிய ஐயும் சிறிய எல்லும் வெறும் குச்சி. செய்தித்தாள் காகிதத்தில் மை பரவி இ-யின் உள்வெளி அடைந்துபோகும். கறுப்பில் வெள்ளை எழுத்தென்றால் இன்னும் மோசம். விலைப்பட்டியல், முகவரி, போன் நம்பருக்கு இதைத் தொடவே வேண்டாம்.

லிகேச்சர்களை, அதாவது எழுத்துகள் ஒட்டிப் பிறக்கும் இணைப்பு வடிவங்களை, சரிபார்க்காமல் வாங்காதீர்கள். பழைய டிஜிட்டல் பதிப்புகளில் அவை கிடையாது. அவை இல்லாத அவான் கார்ட், உப்பில்லாத சாம்பார். புரோ பதிப்பில் உண்டு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் ஓப்பன்டைப் பட்டியலில் டிஸ்கிரெஷனரி லிகேச்சரை நீங்களே இயக்க வேண்டும். இணையதளத்தில் லெட்டர் ஸ்பேசிங் கொடுத்ததுமே பிரவுசர் அவற்றை விட்டுவிடும். 'லிகேச்சர் வரவில்லை' என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். இயக்கிவிட்டாலும் ஒரு சொல்லில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எல்லா ஏ-யையும் சாய்த்தால் காற்றடித்த வேலிதான்.

காசு கொடுக்க மனமில்லையா? இதே சாயலில் யூஆர்டபிள்யூ கோதிக், டெக்ஸ் கைர் அட்வென்டர் இரண்டும் இலவசம். ஆனால் அவற்றின் தடித்த வடிவம், அட்வென்டரில் பெயர் போல்ட் என்றிருந்தாலும், போல்டுக்குக் கீழான டெமி கனம்தான். போல்ட் அளவு கனம் வராது. மென்பொருளில் போலி போல்ட் போட்டு ஊதாதீர்கள், மூட்டுகள் கட்டிதட்டிவிடும்.

தமிழ் எழுத்துகள் இதில் இல்லை. தமிழில் அடித்தால் கணினி தானாக வேறொன்றைச் செருகும், பெரும்பாலும் மெலிந்த ஒன்றை. பக்கத்தில் 'அனேக் தமிழ்' எழுத்துருவை எக்ஸ்ட்ரா போல்டில், அகலத்தைக் கூட்டி வைத்துப் பாருங்கள். பாயின்ட் எண்ணைச் சமமாக்காமல், 'ம'வின் உயரம் ஆங்கிலச் சிறிய எக்ஸின் உயரத்தோடு ஒட்டும்வரை கண்ணாலேயே குறையுங்கள்.