உண்ணிக்கு எது: மாத்திரையா, சொட்டு மருந்தா, கழுத்துப்பட்டையா?

பங்குனி பிறந்ததும் எங்கள் நாய் காதை உதறத் தொடங்கிவிடும். காது மடல், விரலிடுக்கு, கழுத்து மடிப்பு என்று தடவிப் பார்த்தால் மிளகு அளவில் ஒன்று, ரத்தம் குடித்து ஆமணக்கு விதைபோல் பருத்த ஒன்று அகப்படும். (லத்தீனில் உண்ணிக்கும் ஆமணக்குக்கும் ஒரே பெயர்தான். அங்கேயும் யாரோ நாயைத் தடவிப் பார்த்திருக்கிறார்கள்!)

நம் ஊர் நாய்களை அதிகம் படுத்துவது பழுப்பு நாய் உண்ணி. குடித்து முடித்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசலைத் தேடி ஏறி, ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நல்ல வெயிலில் முட்டை வளர்ந்து மறுபடி முட்டையிடும் நிலைக்கு வர இரண்டு மாதமே போதும்.

இது பரப்பும் எர்லிக்கியா காய்ச்சலில் நாய் சோர்ந்து படுக்கும், சாப்பிடாது. கோடையில் பார்ப்பவர்கள் "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். நானும் ஒருமுறை மூன்று நாள் அப்படியே மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ரத்தம் பரிசோதித்தபோது பிளேட்லெட் பாதாளத்தில் இருந்தது. அப்புறம் 28 நாள் டாக்ஸிசைக்ளின். அதற்குப் பிறகுதான் தடுப்பு மருந்துகளை ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலில் சொட்டு மருந்து. பிடரியில், நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலின்மேல் விட வேண்டும். பெரும்பாலும் ஃபிப்ரோனில்; மாதம் ஒருமுறை. மற்றவற்றைவிட விலை குறைவு. ஆனால் இது தோலின் எண்ணெய்ப் பசை வழியாகத்தான் உடம்பெங்கும் பரவுகிறது. அதனால் மருந்து விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. சித்திரை வெயிலில் அடிக்கடி குளிக்கும் நாய்க்கும், கடற்கரைக்குப் போனால் தண்ணீரில் விழுந்து புரளும் நாய்க்கும் இது ஒத்துவராது. "மருந்தே வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள், எப்போது ஷாம்பு போட்டார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

மாத்திரைக்குக் குளியல் பொருட்டே இல்லை. மருந்து ரத்தத்தில் இருக்கிறது. பிரேவெக்டோவில் உள்ள ஃப்ளூரலேனர் சுமார் 12 வாரம் தாங்கும். நெக்ஸ்கார்டில் உள்ள அஃபாக்ஸோலேனர் ஒரு மாதம். ஒரே நேரத்தில் பெரிய தொகை போவதால் கடையில் மலைப்பாக இருக்கும். மூன்று மாதத்துக்கு வகுத்துப் பார்த்தால் அவ்வளவு பயமில்லை. ஃப்ளூரலேனரைச் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது. குறைகள் இரண்டு. உண்ணி கடித்தால்தான் சாகும், அதற்கும் சில மணி நேரம் ஆகும்; அதற்குள் நோய்க்கிருமி இறங்க வாய்ப்புண்டு. அடுத்தது, இந்த வகை மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. ஏற்கெனவே வலிப்பு வந்த நாய் என்றால் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கழுத்துப்பட்டையில் ஃப்ளூமெத்ரின் உள்ளவை நல்லவை. தொட்டாலே உண்ணி சாகும், கடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சில பட்டைகள் 8 மாதம்வரை தாங்கும். அடிக்கடி நனைந்தால் அது குறையும். இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கட்ட வேண்டும். தளரத் தொங்கினால் அலங்காரம்தான். நாயைக் கட்டிக்கொண்டு தூங்கும் குழந்தை உள்ள வீட்டில் நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், கற்பூரம் நக்கினால் விஷம். வேப்பெண்ணெய் தடவினால் வீடு மணக்கும், பழைய உண்ணி அதேபடி இருக்கும்.

பூனையும் வளர்ப்பவர்கள் பெட்டியில் பெர்மெத்ரின் என்றிருந்தால் வாங்கவே வேண்டாம். நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. நாயை நக்கினால்கூட உயிருக்கு ஆபத்து. முயலுக்கு ஃபிப்ரோனிலும் அப்படியே.

என் கணக்கில், வீட்டுக்குள் வளர்ந்து அடிக்கடி குளிக்கும் நாய்க்கு மாத்திரை. தோட்டத்தில் காவல் கிடக்கும், மாதத்துக்கு ஒருமுறைகூட குளிக்காத நாய்க்குப் பட்டை. கையில் காசு குறைவு, குளியலைத் தள்ளிப்போட முடியும் என்றால் சொட்டு.

நாங்கள் மாத்திரைக்கு மாறி இரண்டு கோடை ஆகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் இடுக்கியும் சோப்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். போன வாரம் நாயின் மேல் ஒன்றும் இல்லை. அது படுக்கும் மூலையில், சுவரில் தொங்கிய காலண்டரைத் தூக்கிப் பார்த்தால் பின்னால் நான்கு ஏறிக்கொண்டிருந்தன.