எட்டாத கடைசி அறையும் டெக்கோ எக்ஸ்50 மெஷ் கருவியும்

சிங்கப்பூரின் பொங்கோலில் உள்ள எங்கள் நான்கறை வீட்டில் ரூட்டர் வரவேற்பறையில் இருக்கிறது. மகளின் அறையோ மறு கோடியில். இரண்டுக்கும் நடுவே, 1997ஆம் ஆண்டுப் புகலிடச் சட்டத்துக்குப் பிறகு எழுந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பரவலாகக் காணப்படும் பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சின்போது ஒதுங்குவதற்கான சிற்றறை, நிற்கிறது. அதன் தடித்த கம்பிக் கான்கிரீட் சுவரையும் எஃகுக் கதவையும் தாண்டுவதற்குள் வைஃபையின் 5 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னல் ஓய்ந்துவிடுகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சற்றுத் தாக்குப்பிடித்தாலும், ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகள் அதில் மூன்றுதான். அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து ரூட்டர்கள் அனைத்தும் அவற்றையே பங்குபோடுகின்றன. மாணவர் கற்றல் தளத்தில் பாடம் செய்யும்போதெல்லாம் மகள் மடிக்கணினியை எடுத்துவந்து அறை வாசலில், நிலைப்படியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள்.

முதலில் மலிவான ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி அவளது மேசைக்குப் பக்கத்திலேயே செருகினேன். திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்தன, காணொளி மட்டும் நின்று நின்றே ஓடியது. தேய்ந்துபோய் வந்த சிக்னலை வாங்கி அதையே திருப்பி அனுப்பும் கருவியால் வேகத்தைக் கூட்ட முடியாது.

பிறகு டிபி-லிங்க் நிறுவனத்தின் டெக்கோ எக்ஸ்50 மெஷ் (பல கருவிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் வகை), இரண்டு கருவிகள் கொண்ட பெட்டியை வாங்கினேன். இது வைஃபை 6 வகை. ஒவ்வொன்றிலும் மூன்று கிகாபிட் கேபிள் துளைகள் உள்ளன. கைப்பேசிச் செயலி வழியாக நிறுவுவதற்கு அரை மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. பழைய ரூட்டரை எடுக்காமல் வைத்திருப்பவர்கள் டெக்கோவை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு (வைஃபை பரப்புவதை மட்டும் செய்யும் முறைக்கு) மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ரூட்டர்களும் ஒரே வேலையைச் செய்து சிக்கலை உண்டாக்கும். இரண்டாவது கருவியை அறைக்குள் வைக்காமல், ஷெல்டர் சுவர் மறைக்காத நடைபாதை முனையில் வைத்ததும் பாடங்கள் தடங்கலின்றி ஓடின.

ஆயினும் இக்கருவியில் இரண்டு அலைக்கற்றைகளே இருப்பதால், கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் நம் சாதனங்களோடு பேசுவதும் பெரும்பாலும் ஒரே 5 ஜிகாஹெர்ட்ஸ் வழியில்தான் நடக்கின்றன. வீட்டில் எல்லாரும் இணையத்தில் இருக்கும் இரவு நேரத்தில் வேகம் இறங்கியது. அப்போதுதான் மகளின் அலமாரிக்குப் பின்னால், வீடு கிடைத்த நாளிலிருந்து மூடியே கிடந்த டேட்டா பாயிண்ட் (சுவருக்குள் ஓடும் இணையக் கேபிளின் துளை) நினைவுக்கு வந்தது. அலமாரியை ஒரு சாண் நகர்த்தி, இரண்டாவது டெக்கோவை அறைக்குள் கொண்டுவந்து அந்தத் துளையோடு கேபிளால் இணைத்தேன். கான்கிரீட் சுவர் அதன்பின் ஒரு பொருட்டாகவே இல்லை. இந்தக் கருவியின் முழுப் பயனையும் அன்றுதான் கண்டேன். ஆகவே வாங்குமுன் உங்கள் அறைச் சுவர்களில் இத்தகைய துளை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

குறைகளும் உண்டு. கணக்குத் தொடங்காமல் நிறுவ முடியாது; பிள்ளைகளுக்கான கட்டுப்பாட்டு வசதிகளில் சிலவற்றுக்குத் தனிச் சந்தா கேட்கிறார்கள். நான் சந்தா கட்டவில்லை. மகள் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு தன் மேசையிலேயே படிக்கிறாள்.