"வியாழன் இரவு லாரி ஏறிவிடும்": குதிரையை மீட்கப் போய் ஏமாந்த கதை

போன வாரம் தமிழ்ப் பள்ளி வாசலில் ஒரு தோழி செல்பேசியை என் முன் நீட்டினாள். திரையில் ஒரு சாம்பல் நிறக் குதிரை, கம்பிவேலிக்குப் பின்னால் தலையைத் தொங்கவிட்டு நின்றது. கீழே சிவப்பு எழுத்தில் "வெள்ளிக்கிழமை மெக்சிகோ லாரி. ஜாமீன் 975 டாலர். இவளுக்கு வேறு யாருமில்லை" என்று போட்டிருந்தது. இறைச்சி ஆலைக்குப் போகும் லாரி அது. அதில் ஏற்றாமல் விடக் கேட்கும் விலைதான் ஜாமீன்.

"எடுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறோம். நீதான் ஏற்கெனவே ஒன்றைக் காப்பாற்றியிருக்கிறாயே, சொல்லேன்" என்றாள்.

வாசலில் நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால் எழுதுகிறேன். அவளைப் போல் யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும்.

நாங்கள் இருப்பது டெக்சாஸில், டாலஸுக்குக் கிழக்கே. எங்கள் பக்கத்தில் உள்ள காஃப்மன் என்ற சிற்றூரில் 2007 வரை குதிரை வெட்டும் ஆலை ஒன்று நடந்தது. ஃபோர்ட் வொர்த்தில் இன்னொன்று, இல்லினாய் மாநிலத்து டிகால்பில் மூன்றாவது. மனிதர் உண்ணக் குதிரை இறைச்சி விற்கக் கூடாது என்று டெக்சாஸில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. அது செல்லும் என்று 2007இல் நீதிமன்றம் சொன்னதும் இங்கிருந்த இரண்டும் மூடின. அதே ஆண்டில் டிகால்பும் மூடியது. ஆனால் உயிரோடு லாரியில் ஏற்றி எல்லை தாண்டி அனுப்ப யாரும் தடை போடவில்லை. தெற்கே மெக்சிகோ, வடக்கே கனடா. தீனியும் தண்ணீரும் இல்லாமல் 28 மணி நேரம் வரை லாரியிலேயே நிறுத்திவைக்க விதி இடம் கொடுக்கிறது. 2012இல் இப்படிப் போன குதிரைகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இப்போது இருபதாயிரம் அளவுக்கு இறங்கியிருக்கிறது.

லாரி போவது உண்மைதான். அந்த உண்மையை முதலாக வைத்து ஒரு கடை நடக்கிறது, எனக்கு வயிறு எரிவது அந்தக் கடையைப் பற்றித்தான்.

'கில் பென்' என்று இங்கே சொல்வார்கள். நம் ஊர்ச் சொல்லில் அடிமாட்டுப் பட்டி. ஏலத்தில் மலிவாகக் குதிரை வாங்கி மெக்சிகோ ஆலைக்கு அனுப்பும் வியாபாரி, அவற்றில் சிலவற்றைப் படம் பிடித்து, 'ஜாமீன்' என்று ஒரு விலை வைத்து, கெடு நாள் போட்டு இணையத்தில் ஏற்றுகிறார். எடைக்கு அனுப்பினால் அவருக்குச் சில நூறு டாலர் கிடைக்கும். ஜாமீனில் போனால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு. அடிமாட்டு விலை என்றால் மலிவு என்றுதான் நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இங்கே அடிமாட்டு விலைக்கு மேல் இன்னொரு மடங்கு வைத்தால்தான் அடிமாடு உங்கள் கைக்கு வரும். அந்த லாபத்தோடு அவர் அடுத்த ஏலத்துக்குப் போவார். இந்தக் கணக்கு எனக்குப் பணம் போன பிறகுதான் புரிந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்குப் பதின்மூன்று வயது. குதிரையேற்றம் பழகிக்கொண்டிருந்தாள். வீட்டோடு நாலு ஏக்கர் நிலமும், முன்பிருந்தவர்கள் விட்டுப்போன இரண்டு அறை லாயமும் இருந்தன. ஒரு திங்கட்கிழமை இரவு அவள் அழுதுகொண்டு வந்து ஒரு வீடியோவைக் காட்டினாள். செம்பழுப்புப் பெட்டைக்குதிரை, நெற்றியில் வெள்ளைச் சுட்டி. எட்டு வயது, குழந்தைகள் ஏறலாம், சாது என்றிருந்தது. வீடியோவில் ஒரு சிறுவன் சேணம்கூட இல்லாமல் அதன் மேல் உட்கார்ந்திருந்தான். வியாழன் இரவு லாரி.

"சாகப்போகிறது என்று சொல்லி விற்கிறவனிடம் எப்படிப் பேரம் பேசுவது?" என்று என் கணவர் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எல்லாம் இருந்தது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

பணம் நேரே வியாபாரிக்குப் போகவில்லை. நடுவில் 'மீட்புக் குழு' என்று ஒன்று, பக்கத்து மாநிலத்துக்காரர்கள். ஜாமீன் 1,150 டாலர், அவர்களுடைய கட்டணம் 200, முப்பது நாள் தனிமைப்படுத்தலுக்கு 450, வண்டிக்கூலி 380. நோய் எதுவும் வந்துசேராதிருக்கத் தனியே வைத்து, மருத்துவரிடம் காட்டி அனுப்புவோம் என்றார்கள். பணத்தை இணையவழிப் பணச் செயலியில் 'நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும்' என்ற வழியில் அனுப்பச் சொன்னார்கள், கட்டணப் பிடித்தம் போனால் குதிரைக்குத்தானே நஷ்டம் என்றார்கள். அந்த வழியில் அனுப்பிய பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்பதைப் பிறகு வங்கி விளக்கியது.

என் தாத்தா ஆண்டு தவறாமல் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்குப் போவார். வாங்குவது மாடுதான், ஆனாலும் குதிரைப் பக்கம் ஒரு சுற்று வராமல் திரும்ப மாட்டார். சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், ஓடவிட்டுப் பார்ப்பார், துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார். கடைசியில் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று வந்துவிடுவார். அவருடைய பேத்தி நாற்பது வினாடி வீடியோவைப் பார்த்துக் குதிரை வாங்கினாள்.

முப்பது நாள் என்றவர்கள் பன்னிரண்டாம் நாளே வாசலில் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இடம் நிரம்பிவிட்டதாம், மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டாராம். எந்த மருத்துவர் என்று நான் கேட்கவில்லை. மகள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். செம்பி என்று பெயர் வைத்தாள்.

நாலாம் நாள் செம்பி தீனியைத் தொடவில்லை. காய்ச்சல் 104. மூக்கில் மஞ்சள் சளி, தாடைக்கு அடியில் எலுமிச்சை அளவு வீக்கம். எங்கள் கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்தவுடனேயே ஸ்ட்ராங்கிள்ஸ் என்றார். குதிரைகளுக்கு வரும் பாக்டீரியா தொற்று. நிணநீர்க் கணுக்கள் சீழ்கொண்டு உடையும், சில நேரம் மூச்சே அடைக்கும். தொற்றிய மூன்று நாள் முதல் பதினான்கு நாளுக்குள் வெளியே தெரியும். பல இடத்துக் குதிரைகளைக் கலந்து அடைத்துவைக்கும் ஏலக்கூடமும் பட்டியும் அதற்கு விளைநிலம். முப்பது நாள் வைத்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். வாளி, கயிறு, கை, செருப்பு எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு போகும் நோய் இது.

போகவும் செய்தது. வேலியோரத் தண்ணீர்த் தொட்டியில் பக்கத்து வீட்டு அம்மாளின் மட்டக்குதிரையும் வாய் வைக்கும். பதினேழாம் நாள் அதற்கும் காய்ச்சல். எழுபது வயது தாண்டியவர், தனியாக இருப்பவர், அந்த மட்டக்குதிரைதான் அவருக்குத் துணை. ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. இரவு இரண்டு மணிக்கு அவர் லாயத்தில் விளக்கு எரிவதை எங்கள் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். இரண்டும் பிழைத்தன. அவருடைய மருத்துவச் செலவு 1,900 டாலரை நாங்களே கொடுத்தோம். என்ன கொடுத்தும் அவர் முகத்தை நேராகப் பார்க்க எனக்குப் பல மாதம் ஆயிற்று.

காய்ச்சல் இறங்கியதும் மருத்துவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானமும் இல்லை, 2,180 டாலர் கொடுத்த குதிரை. மேல் முன்வரிசையின் ஓரப் பல்லில் ஒரு பழுப்புக் கோடு உண்டு. பத்து வயதுவாக்கில் ஈறோரத்தில் எட்டிப்பார்க்கும், பதினைந்தில் பாதிப் பல்லுக்கு இறங்கும், இருபதில் முழுப் பல்லையும் தொடும், அதன் பிறகு ஈறுப் பக்கத்திலிருந்து மறைந்துகொண்டு வரும். செம்பிக்கு மறையத் தொடங்கியிருந்தது. இருபத்து மூன்று இருக்கலாம், ஓரிரண்டு முன்னே பின்னே என்றார். எட்டு வயதாம்!

பின்னங்கால் மூட்டுகளில் பழைய வாதம். வீடியோவில் நன்றாக நடந்ததே என்றேன். வலிக்கு ஒரு மருந்து கொடுத்தால் ஒன்றிரண்டு நாள் எல்லாக் குதிரையும் நன்றாக நடக்கும் என்றார். சாதுவாக நின்றதற்கும் ஊசி காரணமாக இருக்கலாம், ஆனால் இவ்வளவு நாள் கழித்து அதை நிரூபிக்க முடியாது. குதிரைகளுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் ஃபினைல்பியூட்டசோன் என்ற அந்த வலிமருந்து உடலில் ஏறிய விலங்கை மனிதர் உண்ணக் கூடாது. எந்தக் குதிரைக்கு என்ன மருந்து போயிற்று என்பதற்கு நம்பகமான பதிவு இல்லை என்பதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் மெக்சிகோவிலிருந்து குதிரை இறைச்சி வாங்குவதை 2015இல் நிறுத்தியது. கசாப்புக்கு ஆகாது என்று ஆக்கும் மருந்தையே கசாப்பைக் காட்டி விற்பதற்கும் பயன்படுத்துவார்கள் போலும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதுகூட இல்லை. கூடவே வந்த காகின்ஸ் சான்றிதழ். குதிரைகளுக்கு வரும் ஒருவகைத் தொற்று இரத்தசோகைக்கான சோதனை அது. மாநில எல்லை தாண்டிக் குதிரையைக் கொண்டுவர அந்தச் சான்றிதழ் கட்டாயம். அந்த நோய்க்கு மருந்து இல்லை, தடுப்பூசியும் இல்லை. இருப்பதாகத் தெரிந்தால் கருணைக்கொலை, அல்லது ஆயுள் முழுக்க மற்றக் குதிரைகளிடமிருந்து இருநூறு கெஜம் தள்ளித் தனிச்சிறை. தாளில் குதிரையின் அடையாளங்களை வரைந்திருப்பார்கள். எங்கள் தாளில் நெற்றிச் சுட்டி இருந்தது, இடது பின்னங்காலில் வெள்ளையும் இருந்தது. செம்பியின் நாலு காலும் ஒரே நிறம். வேறு ஏதோ ஒரு குதிரையின் சான்றிதழ். மறுபடி இரத்தம் எடுத்து அனுப்பினோம். முடிவு வரும்வரை மகளிடம் எதுவும் சொல்லவில்லை. நோய் இல்லை என்று வந்த அன்று லாயத்தின் பின்னால் போய் நின்று நான் அழுதேன்.

குழுவுக்கு எழுதினேன். "நாங்கள் இல்லாவிட்டால் அவள் இன்று யாரோ ஒருவர் தட்டில் இருந்திருப்பாள். நன்றி சொல்ல வேண்டியவர் கணக்குக் கேட்கிறீர்கள்" என்று பதில் வந்தது. தனிமைப்படுத்தலுக்குக் கொடுத்த பணத்தையாவது திருப்பிக் கேட்டபோது என்னைத் தடைசெய்துவிட்டார்கள். புகார் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்தேன். ஓர் எண் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து மகள் ஓடிவந்து செல்பேசியைக் காட்டினாள். அதே படம், எங்கள் செம்பி, வேறு பெயர், புதிய வியாழக்கிழமை. கீழே ஐம்பது, நூறு என்று ஆட்கள் பணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உயிரோடிருந்த செம்பி ஜன்னலுக்கு வெளியே புல் மேய்ந்துகொண்டிருந்தது.

தோழிக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். கெடு போட்ட குதிரையைத் தொடாதே. நீ அழுதுகொண்டே சரிபார்க்க முடியாது, அதற்காகத்தான் கெடு. குதிரையின் இடுப்பில் எண் சீட்டு ஒட்டியிருந்தால் அது லாரிக்குக் குறித்ததுதான் என்று நினைக்காதே. ஏலத்துக்குப் போகும் எல்லாக் குதிரைக்கும் அது ஒட்டுவார்கள். உனக்கு உண்மையிலேயே போக்கற்ற குதிரைக்கு இடம் கொடுக்க ஆசை என்றால், ஆறு மாதமாகக் குதிரையைத் தன் கண்முன் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் காப்பகத்துக்குப் போ. சொல்லாமல் ஒருநாள் போய் நில், உள்ளே விடுகிறார்களா என்று பார். உன் மருத்துவரைக் கூட்டிப் போ. ஒத்துவராவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருகிறார்களா என்று கேள். நல்ல காப்பகம் உன்னையே விசாரிக்கும், வேலியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லும், அவசரப்படாதே என்று சொல்லும். விலங்குக் காப்பகங்களைச் சோதித்து அங்கீகாரம் கொடுக்கும் குளோபல் ஃபெடரேஷன் ஆஃப் அனிமல் சாங்சுவரீஸ் என்ற அமைப்பின் பட்டியலில் குதிரைக் காப்பகங்களும் உண்டு. அங்கிருந்து தேட ஆரம்பிக்கலாம். வரி விலக்குப் பதிவு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதே.

அந்தச் சாம்பல் குதிரை லாரியில் போய்விட்டால் என்று கேட்பாய். போகலாம். போகாமலும் இருக்கலாம். அந்தக் கேள்வியோடு நான் இரண்டு வருஷமாக இருக்கிறேன், செம்பியைக் கொண்டுவந்ததற்காக ஒருநாளும் வருந்தவில்லை. ஆனால் நான் கொடுத்த ஜாமீனில் யார் யார் அந்தப் பட்டிக்குள் வந்திருப்பார்கள் என்று நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

செம்பியின் மேல் இனி யாரும் ஏறப் போவதில்லை. பல் தேய்ந்துவிட்டதால் தீனியை ஊறவைத்துக் கொடுக்கிறோம், நாளுக்கு மூன்று வேளை. நல்ல பல் உள்ள நடுத்தரக் குதிரைக்கே நாளுக்கு எட்டுப் பத்துக் கிலோ உலர்புல் வேண்டும். ஏழு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள் வருகிறார். குதிரை முப்பது வயது வரைகூட இருக்கும். மகள் கல்லூரிக்குப் போன பிறகு இந்த வாளியைத் தூக்குவது நான்தான்.

தோழியையும் அவள் மகளையும் வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சாணி அள்ள இரண்டு முள்வாரி இருக்கிறது. வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்திருப்பேன், பூட்ஸைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாளும் காபிக்கு வருகிறார்.