சுண்ணாம்பு மேட்டில் ஆறு ஆண்டுகள்: சவுத் டவுன்ஸ் வே பாதையில் மவுண்டன் பைக் அனுபவம்

தென் இங்கிலாந்தில் வின்செஸ்டரில் தொடங்கி, சவுத் டவுன்ஸ் என்ற சுண்ணாம்பு மேட்டுத்தொடரின் மேல் சென்று, கடற்கரை ஊரான ஈஸ்ட்போர்னில் முடியும் சவுத் டவுன்ஸ் வே என்ற 160 கிலோமீட்டர் பாதையில் 2018-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலிருந்து ஆறு ஆண்டுகள் மவுண்டன் பைக் ஓட்டியிருக்கிறேன். முழுப் பாதையையும் மூன்று முறை முடித்திருக்கிறேன். மற்ற நாட்களில் ஆம்பர்லி, சவுத்ஈஸ் போன்ற பாதையோர ரயில் நிலையங்களில் இறங்கி, ஒரு பகுதியை மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்புவது வழக்கம். கோடையில் ஒருமுறை வந்துபோனவர்களின் புகழுரையை நம்பி ஜனவரியில் கிளம்புபவர்களைப் பாதையில் பலமுறை சந்தித்திருக்கிறேன். இந்தப் பாதை ஈரத்தில் ஒன்று, உலர்ந்த மண்ணில் வேறொன்று என்பதை அவர்களுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை என்ற எண்ணமே இதை எழுதத் தூண்டியது.

உயரத்தை மட்டும் பார்த்தால் இந்த மேடுகள் பெரியவை அல்ல. பட்சர் ஹில் 270 மீட்டர். டிட்ச்லிங் பீக்கன் 248 மீட்டர். அந்த எண்களைக் கண்டு எளிதாக முடித்துவிடலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அருண், அடூர், ஊஸ், கக்மியர் ஆகிய நான்கு ஆறுகள் இந்த மேட்டுத்தொடரை ஊடறுத்துக் கடலுக்குச் செல்கின்றன. ஒவ்வோர் ஆற்றையும் கடக்க, ஏறிய உயரம் அத்தனையையும் இழந்து பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி, மறுகரையில் மீண்டும் முதலிலிருந்து ஏற வேண்டும். மொத்த ஏற்றத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 4,000 மீட்டர் வரும். சவுத்ஈஸில் ஊஸ் ஆற்றைக் கடந்ததும் தொடங்கும் இட்ஃபோர்டு ஹில் ஏற்றம், முழுப் பாதையையும் ஓட்டும்போது இரண்டாம் நாள் பிற்பகலில், மிகச் சிறிய கியரிலும் காலைச் சோதித்துவிடும்.

மேடு முழுவதும் சுண்ணாம்புக்கல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் நுண்ணிய பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான மென்மையான வெள்ளைக் கல் இது. உலர்ந்திருக்கும்போது இதைப்போல் சைக்கிளுக்கு உகந்த தரை வேறில்லை என்பேன்: நீர் விரைவில் உள்ளிறங்கிவிடும், தரை இறுகி நிற்கும், சக்கரம் தடையின்றி உருளும். ஜூன் மாதத்தில் பட்சர் ஹில்லின் புல்வெளிச் சரிவில் குயின் எலிசபெத் கன்ட்ரி பார்க்கை நோக்கி இறங்கும்போது, காதில் காற்றும் தலைக்கு மேல் வானம்பாடியின் குரலும் தவிர வேறொன்றும் இருக்காது. வெள்ளைத் தரையில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் அந்தப் பருவத்தில் குளிர்கண்ணாடி அவசியம்.

மழை பெய்தால் அதே கல்லின் மேற்பரப்பு சோப்புத் தடவிய தளம்போல் ஆகிவிடுகிறது. 2019 நவம்பரில் பரி ஹில்லிலிருந்து அருண் ஆற்றை நோக்கி இறங்கியபோது, முன் பிரேக்கை மெல்லத் தொட்ட அந்தக் கணத்திலேயே முன்சக்கரம் பக்கவாட்டில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் சைக்கிளைத் தொடவில்லை. அன்று நான் வேகமாகப் போகவில்லை. பாசி படிந்து பளபளத்த கல்லின்மீது ஓட்டியதே தவறு. அதன்பின் ஈர நாட்களில், நடுவில் வெறுமையாகத் தெரியும் வெள்ளைத் தடத்தை விட்டு, பாதைக்குள்ளேயே புல் வளர்ந்த விளிம்பில் ஓட்டுகிறேன். செங்குத்தான இறக்கமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டே போய்விடுகிறேன்.

சுண்ணாம்போடு சேர்ந்தே கிடப்பது சக்கிமுக்கிக் கல். உடைந்தால் கண்ணாடிச் சில்லுபோல் கூர்மையான விளிம்பு கொடுக்கும் கல் அது. அந்தக் கூர்மைக்காகவே புதிய கற்கால மனிதர்கள் அருகிலுள்ள சிஸ்பரி மேட்டில் சுரங்கம் தோண்டி இதை எடுத்தார்கள். கோடரிக்கு உதவிய அந்த விளிம்பு டயரின் பக்கச்சுவரைச் சுலபமாகக் கிழித்துவிடும். டியூப் போட்டு ஓட்டிய முதல் ஆண்டில் ஒன்பது பஞ்சர்களை ஒட்டினேன். அவற்றில் சில, இலையுதிர் காலத்தில் வேலிச்செடிகளை வெட்டும்போது பாதையில் சிதறும் ஹாதார்ன் முட்களால் வந்தவை. இரண்டாம் ஆண்டில் டியூப் இல்லாத டியூப்லெஸ் டயருக்கு மாறி, சிறு துளைகளைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவத்தை உள்ளே ஊற்றிய பிறகு முள் ஒரு பொருட்டாகவே இல்லை. கல் கிழித்த பெரிய வெட்டு மட்டும் இருமுறை என்னை நிறுத்தியது. ஒருமுறை ஓட்டையை அடைக்கும் ரப்பர் பிளக்கைச் செருகியதும் சரியானது, மறுமுறை டயருக்குள் அட்டைத்துண்டு வைத்து டியூப் போட்டு ரயில் நிலையம் சேர்ந்தேன். பக்கச்சுவர் தடிப்பான டயருக்குக் கூடுதல் விலை கொடுப்பது இங்கே வீண்செலவு அல்ல.

சைக்கிளைப் பொறுத்தவரை, முன்பக்கம் மட்டும் அதிர்வு தாங்கும் 100 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் உள்ள, 29 அங்குலச் சக்கர ஹார்ட்டெயில் இந்தப் பாதைக்குத் தாராளமாகப் போதும். தேய்மானம்தான் நான் எதிர்பாராதது. ஈரச் சுண்ணாம்புக் குழம்பு பிரேக் பேடையும் செயினையும் அரத்தைப்போல் அராவுகிறது. பிசினால் ஆன ரெசின் பேட் ஒரே குளிர்காலத்தில் உலோகத் தகடு வரை தேய்ந்தது; உலோகத்துகள்களால் ஆன சின்டர்டு பேட் சத்தம் போட்டாலும் இரண்டு குளிர்காலங்களைத் தாங்கியது. வீடு திரும்பியதும் அழுத்தம் குறைந்த நீரில் கழுவிவிட வேண்டும். விட்டுவிட்டால் மறுநாள் அது சுவரில் பூசிய சாந்துபோல் இறுகி, டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையே கட்டியாக நிற்கும்.

இந்தப் பாதையில் நாம் ஓட்டுவதற்கு வழிசெய்தது ஒரு சட்டம். 1968-ஆம் ஆண்டின் கன்ட்ரிசைடு சட்டம்தான் குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையைத் தந்தது. நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. 1972-இல் தேசிய நெடும்பாதையாகத் திறக்கப்பட்ட சவுத் டவுன்ஸ் வேயை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சைக்கிளில் கடக்க முடிகிறதென்றால் அதற்கு இந்த உரிமையே காரணம். ஆல்ஃபிரிஸ்டனுக்குப் பிறகு பாதை இரண்டாகப் பிரியும். செவன் சிஸ்டர்ஸ் செங்குத்துப் பாறைகள் வழியாகச் செல்லும் கிளை நடப்பவர்களுக்கானது. சைக்கிள் செல்ல வேண்டியது ஜெவிங்டன் வழி. அந்தப் பாறைகளின் அழகுக்காக நடைபாதையில் சைக்கிளை ஏற்றுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. குதிரைக்குப் பின்னால் சத்தமின்றி நெருங்குவதும் தவறு. தொலைவிலேயே குரல் கொடுத்து, குதிரையில் இருப்பவர் கையசைத்த பிறகு மெதுவாகக் கடந்தால் குதிரை மிரளாது. ஆடுமாடுகள் மேயும் நிலங்களினூடே பாதை செல்வதால் கேட்டுகள் ஏராளம். மூடியிருந்த கேட்டைக் கடந்தபின் மறவாமல் மூட வேண்டும்.

இங்கே தென்மேற்குக் காற்றே மிகுதி என்பதால் வின்செஸ்டரில் தொடங்கிக் கிழக்கு நோக்கிப் போவது நல்லது. மேட்டின்மேல் கடைகள் இல்லை. அடூர் ஆற்றருகே பொட்டால்ஃப்ஸிலும், டெவில்ஸ் டைக் பள்ளத்தாக்கைத் தாண்டிய சாடில்ஸ்கோம்பிலும் குடிநீர்க் குழாய்கள் உண்டு. கோடையில் அவற்றைக் கணக்கிட்டே நீர் எடுத்துச் செல்கிறேன். நான் எப்போதும் நின்று இளைப்பாறுவது சாங்க்டன்பரி ரிங்கில். அங்குள்ள இரும்புக்கால அரணுக்குள் 1760-இல் சார்லஸ் கோரிங் நட்ட பீச் மரங்களில் பெரும்பாலானவை 1987 அக்டோபர் புயலில் சாய்ந்தன. மறுபடி நட்ட மரங்கள் இப்போது நிழல் தரும் அளவுக்கு வளர்ந்திருக்கின்றன.

தாவும் மேடுகளும் நெளிந்தோடும் ஒற்றைத்தடங்களும் விரும்புபவருக்கு இந்தப் பாதை நிறைவு தராது. பெரும்பகுதி அகன்ற பண்ணைத்தடம்தான். அவர்கள் சரே ஹில்ஸுக்குச் செல்லலாம். அங்குள்ள ஹோம்பரி ஹில்லின் மணற்பாங்கான தரை மழைநீரை எளிதில் வடித்துவிடுவதால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் நானும் பீஸ்லேக் கிராமத்திலிருந்து அங்கேதான் ஓட்டுகிறேன். சவுத் டவுன்ஸுக்குத் திரும்புவது ஏப்ரலில். அப்போதும் தொடர்ந்து மூன்று நாள் மழையில்லாமல் இருந்ததா என்று பார்த்த பிறகே ஆம்பர்லிக்கு டிக்கெட் எடுப்பேன்.