அப்பாவின் ஸ்கேன் சிடிகளும் விர்ச்சுவல் மெஷினும்: மூன்று வருட அனுபவம்

அப்பா ஏற்காட்டில், நான் சேலம் அஸ்தம்பட்டியில், தங்கச்சி பெங்களூரில். அப்பாவின் முதுகுத்தண்டு எம்ஆர்ஐ ஒரு சிடியில் வந்தது. கூடவே இருந்த வியூவர் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். என்னிடமோ உபுண்டு லினக்ஸ் லேப்டாப். கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு, அதற்குள் பழைய விண்டோஸ் 7-ஐ ஏற்றினேன். படம் திறந்தது. அந்த விண்டோஸுக்கு இன்றுவரை நெட் கொடுக்கவில்லை. 2020 ஜனவரியோடு அதற்குப் பொதுவான பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனது.

அப்புறம் சிடிகள் ஐந்தாகிவிட்டன. எல்லாமே டைகாம் என்ற மருத்துவப் பட வடிவக் கோப்புகள்தானே என்று இன்னொரு விர்ச்சுவல் மெஷினில் டெபியன் லினக்ஸும் ஆர்த்தாங்க்கும் நிறுவி, அதில் சேர்த்துவிட்டேன். பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவான இலவச மென்பொருள் ஆர்த்தாங்க், படங்களைப் பிரவுசரிலேயே பார்க்கலாம். தங்கச்சிக்கு வயர்கார்டு என்ற விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக மட்டும் கதவு திறந்தேன். அங்கிருந்தபடியே ஒரு டாக்டரிடம் படங்களைக் காட்டிவிட்டாள்.

இந்த முழு மெஷினையும் ஓவிஏ கோப்பாக, அதாவது ஒரே கோப்பில் கட்டி, அப்பா கணினியில் வைக்க நினைத்தேன். லேப்டாப்போடு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்க் காப்பி போட்டால், பென்டிரைவ் வாங்க மறுக்கிறது. கோப்பு 11 ஜிபி. பென்டிரைவ் ஃபேட்32 என்ற ஃபார்மெட்டில் இருந்தது, அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது. “காகித ஃபைலா இருந்தா பையில வெச்சிருக்கலாமில்ல?” என்றார் அப்பா. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றி ஒருவழியாக ஏற்றினேன்.

உண்மையான அடி அதற்குப் பிறகுதான். ஒரு மழை நாளில் மலையில் கரண்ட் போய், மெஷின் பூட் ஆகவில்லை. ஸ்னாப்ஷாட் (மெஷினின் ஒரு நேரத்து நிலையை அப்படியே சேமித்து வைப்பது) இருக்கிறதே என்று பழைய நிலைக்குத் திருப்பினேன். மென்பொருள் பளிச்சென்று வந்தது. அதிலேயே பதிந்து வைத்திருந்த அப்பாவின் இரண்டு மாத சுகர், பிபி அளவுகளைக் காணோம். ஸ்னாப்ஷாட்டுக்கு மென்பொருள் வேறு, பதிவு வேறு என்று தெரியாது, எல்லாவற்றையும் அந்தத் தேதிக்கே கொண்டுபோய்விடும். நல்லவேளை, அப்பா தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எல்லாம் எழுதி வைத்திருந்தார். இப்போது பதிவுகள் தனி விர்ச்சுவல் டிஸ்க்கில். அதை ‘ரைட்த்ரூ’ வகையாக மாற்றிவிட்டேன், ஸ்னாப்ஷாட் தொடாது.

மென்பொருளைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை. ஆனால் பதிவுகளை இதற்குள் வைத்துப் பகிராதீர்கள். டிஸ்க்கைப் பிரிப்பதற்கு முன்னால், சித்தப்பா பையன் கேட்டான் என்று அதே ஓவிஏவைக் கொடுத்துவிட்டேன். அப்பாவின் பெயர், வயதோடு எல்லாப் படமும் உள்ளே இருப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. போன் போட்டு அழிக்கச் சொன்னேன். அழித்துவிட்டதாகத்தான் சொன்னான்.